அப்பாவின் டார்ச் லைட்

பாகூர்னு சொன்னா உங்களுக்கு ஏரியும் நெல் வயலும்தான் ஞாபகம் வரும். அதே பாகூர் கொம்யூன்ல கடலும் இருக்குங்க! எங்க ஊர் நரம்பை. அப்பா ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம்.

போன செமஸ்டர் செமினாருக்கு ஆர்க்டிக் கப்பல் போக்குவரத்தை எடுத்தேன். பனி உருக உருக, அங்கே கப்பல்கள் கூடிக்கிட்டே போகுது. ஏதாவது ஆனால் ஓடிவர பக்கத்தில் ஆள் கிடையாது. 1989 ஜூனில் 'மக்ஸிம் கோர்க்கி' என்ற பயணிகள் கப்பல், ஸ்வால்பார்ட் பக்கம் ராத்திரியில் பனியில் மோதி ஓட்டையானது. கப்பலில் கிட்டத்தட்ட ஆயிரம் பேர்! நார்வேயின் கடலோரக் காவல் கப்பல் சில மணி நேரத்தில் வந்துவிட்டதால், அத்தனை பேரும் பிழைத்தார்கள். துருவக் கடல்களுக்கென்றே 2017 ஜனவரி 1 முதல் 'போலார் கோட்' என்ற தனி விதிகள் வேறு இருக்கின்றன.

வீட்டில் ஒத்திகை பார்த்தேன். வலையைச் சரிபண்ணியபடி கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "அங்க நம்மள மாதிரி சின்ன போட்டுக்காரன் எவனும் இல்லியா?" என்றார். அப்புறம்தான் அந்த ராத்திரியைப் பற்றிச் சொன்னார். வலை விட்டுட்டுக் காத்திருந்தப்போ நேரா ஒரு கப்பல். டார்ச்சை ஆட்டி ஆட்டிக் காட்டியும் திரும்பலை. வலையை அறுத்து விட்டுட்டு இன்ஜினைப் போட்டுத் தப்பிச்சிருக்காங்க. அம்மாகிட்ட "வலை பாறையில மாட்டிக்கிச்சு"ன்னு சொல்லிட்டாராம். இத்தனை வருஷமா!

கப்பல்காரர் பார்க்கலையான்னு எனக்குக் கோபம். தேடிப் படிச்சேன். கப்பல் மூக்குக்கு முன்னாடி 500 மீட்டர் வரைக்கும் கடல் மறைஞ்சிருக்க சர்வதேச விதியே அனுமதிக்குது! ஃபைபர், ரேடாரில் சரியாகத் தெரியாது. வெளிநாடு போகிற கப்பல் 300 டன்னைத் தாண்டினால் ஏ.ஐ.எஸ். கருவி கட்டாயம், எங்க போட்டில் இருக்கிறது டார்ச்தான். பார்த்துட்டாலும், முழு வேகத்தில் வரும் பெரிய கப்பல் நிற்க கிலோமீட்டர் கணக்கில் ஆகும்.

2018 ஆகஸ்ட் 7 அன்று, கேரளாவின் முனம்பம் கடலில் ஒரு மீன்பிடி படகைக் கப்பல் மோதியது. படகில் 14 பேர், பெரும்பாலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள். மீட்கப்பட்டது 2 பேர். 2021 ஏப்ரலில் மங்களூரு பக்கம் இன்னொரு படகு. அதிலும் 14 பேர். அதிலும் உயிரோடு மீட்கப்பட்டது 2 பேர்தான். இந்த எண்ணிக்கையைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சாப்பாடு இறங்கலை.

2024-ல் மத்திய அரசு, இஸ்ரோ டிரான்ஸ்பாண்டர்களைப் படகுகளுக்கு இலவசமாகப் பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல விஷயம். ஆபத்துன்னா கரைக்குச் செய்தி போகும். ஆனா, எதிரே வர்ற கப்பலை அது திருப்பாதே!

அதனால் மூணு அலுமினியத் தகடுகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேர்த்து ஒரு ரேடார் ரிஃப்ளெக்டர் செஞ்சேன். கப்பல் ரேடாரில் போட்டைப் பளிச்சுனு காட்டும். அப்பா சுத்திச் சுத்திப் பார்த்தார். "எங்கடா கட்டுறது? வலை மாட்டிக்குமே"ன்னார். கம்பத்தோட உயரத்தை இப்போ மறுபடி கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் கன்னியக்கோயில் கடையில டார்ச்சுக்குப் புது பேட்டரி வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கார்.