நாமக்கல் சாலையில் ஒரு காற்றுப் பாடம்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்குப் போவதற்குப் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. 2013-ஆம் வருஷத்திலிருந்து ரயிலும் ஓடுகிறது. இவ்விரண்டு சௌகரியங்களையும் விட்டுவிட்டு, நாம் ஒரு மூன்று சக்கர மோட்டார் சைக்கிளின் பின் ஆசனத்தில் தொற்றிக்கொண்டு போனோம் என்று சொன்னால், நேயர்கள் நம் புத்தியைச் சந்தேகிக்கக்கூடும். ஆனால் காரணம் இருக்கிறது. அந்த வண்டியை விற்றுவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று ஒரு குடும்பம் அன்றைய தினம் முடிவு செய்ய வேண்டியிருந்தது. விற்கப் போகிறவருக்கு வழித்துணையாகத்தான் நாம் போனோம்.

நம் நண்பர் முட்டை வியாபாரி. வாரத்தில் மூன்று நாள் நாமக்கல் சென்று, பண்ணையில் முட்டை வாங்கிவந்து சேலத்துச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பது அவருடைய தொழில். பெரிய வியாபாரிகள் லாரி லாரியாக அனுப்புகிறார்கள். இவருக்கோ அட்டைக்கு 30 முட்டை வீதம் 100 அட்டைதான் ஒரு பாரம். நிறுத்துப் பார்த்தால் சுமார் 160 கிலோ. மனைவியின் வளையல்களை அடகு வைத்து வாங்கிய வண்டி அது.

பார்வைக்கு அது ஒரு விநோத ஜந்து. முன்பாதி மோட்டார் சைக்கிள். பின்பாதி இரண்டு சக்கரங்களின்மேல் அமைந்த இரும்புத் தட்டு. இந்த ஜாதி வண்டி நம் தேசத்துக்குப் புதிதன்று. சௌராஷ்டிரத்துக் கிராமங்களில் இதற்குச் ‘சக்டா’ என்று பெயர். 1955 முதல் சென்னையில் உருவாகிவரும் புல்லட் மோட்டார் சைக்கிள்தான் அங்கே தன் முன்பாதியைத் தானம் செய்தது. டில்லியில், இரண்டாவது உலக யுத்தத்தில் மிஞ்சிப்போன ஹார்லி டேவிட்ஸன் வண்டிகளைக் கொண்டு செய்த ‘பட்பட்டி’கள் 1998 வரையில் ஜனங்களை ஏற்றிக்கொண்டு பட்படத்தன.

நண்பரின் வண்டியில் பின்சக்கரங்களுக்கும் முதலில் மோட்டார் சைக்கிள் டயர்தான் இருந்தது. அது மாதக்கணக்கில்கூட நிற்கவில்லை; நடுவில் மட்டும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டது. இதில் அதிசயமில்லை. இரு சக்கர வண்டி திரும்பும்போது சாயும். சாய்ந்தாலும் தரையைப் பற்ற வேண்டும் என்பதற்காகவே அதன் டயரை வட்டமாக வார்க்கிறார்கள். மூன்று சக்கர வண்டி சாய்வதே இல்லை. ஆகவே அந்த வட்டத்தின் உச்சி மட்டும் நாள் முழுதும் தரையில் உரசித் தேய்கிறது. கார் டயரோ தட்டையானது, அகலமாக ஊன்றும். எனவே நண்பர் பழைய மாருதி 800 காரின் 12 அங்குலச் சக்கரங்களைப் பின்னால் பூட்டி, மாறுதலை முறைப்படி பதிவுச் சான்றிலும் ஏற்றிக்கொண்டார். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அன்று முதல் முட்டை உடையத் தொடங்கியது! ஒரு நாள் 40, ஒரு நாள் 60. முட்டைக்குக் காசுக் கணக்கில் லாபம் பார்க்கிறவருக்கு இந்த நஷ்டம் எப்படித் தாங்கும்?

“வண்டி ராசியில்லை அண்ணா, கொடுத்துவிட்டுக் கூலிக்கே போய்விடுகிறேன்” என்றார்.

காலை ஏழு மணிக்குச் சீலநாயக்கன்பட்டியைத் தாண்டினோம். இந்தச் சமவெளியைப் பார்க்க வேண்டுமானால் நிதானமாகப் போகும் வண்டியில்தான் போக வேண்டும். முதுகுப்புறத்தில் சேர்வராயன் மலை நீலமாக மறைந்துகொண்டே வருகிறது. கிழக்கே போதமலையும், அதற்கப்பால் கொல்லிமலையும் சுவர் எடுத்தாற்போல் நிற்கின்றன. மல்லூரைக் கடந்தால் சாலையின் இரு மருங்கும் மரவள்ளிச் செடிகள், இந்த வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குத் தீனி. ஆண்டகளூர்கேட்டில் கிழக்கே பிரிந்தால், நெய்க்குப் பேர்போன ராசிபுரம். புதுச்சத்திரம் நெருங்கும்போது நீளம் நீளமான கோழிப் பண்ணைக் கொட்டகைகள் கண்ணில் படுகின்றன. நான்கு வழிச் சாலையில் லாரிகள் காற்றைக் கிழித்துக்கொண்டு பறக்க, நாம் ஓரத்துச் சர்வீஸ் ரோட்டில் ஊர்ந்தோம்.

இயற்கைக் காட்சிகளை இன்னும் வர்ணித்திருப்போம். ஆனால் வண்டி அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒவ்வொரு சிறு கல்லுக்கும் பின்பாதி துள்ளியது. ஒரு வளைவில் பள்ளத்தைத் தவிர்க்க நண்பர் சட்டென்று பிரேக் போட்டுத் திருப்பவே, உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஒரு கணம்தான். நமக்கோ குலதெய்வம் முதல் கடன்காரர் வரையில் எல்லோரும் நினைவுக்கு வந்துவிட்டார்கள். இறங்கி, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தோம். கருங்கல்லைப் போல் இருந்தது. எவ்வளவு காற்று என்று விசாரித்தோம். “கார் டயராயிற்றே என்று, வழக்கமாகக் காற்று அடிக்கும் கடையில் 34 வைத்தார்கள்” என்றார் நண்பர்.

நாமக்கல் ஊருக்குள் நுழைந்ததும் அந்த ஊரின் தொழில் தானாகவே தெரிந்துவிடும். லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள், சமையல் வாயு ஏற்றும் டாங்கர்கள், தேய்ந்த டயருக்குப் புதுத் தோல் போர்த்தும் ரீட்ரெடிங் கூடங்கள். ஒரு டயரைத் தூக்கி எறியுமுன் நான்கு முறை யோசிக்கும் ஊர் இது. லாரியில் ஆயுள் முடிந்த டயர்கூட மாட்டு வண்டிக்குப் போய் மறுஜன்மம் எடுக்கும். கிராமத்தில் ‘டயர் வண்டி’ என்று சொல்வது அதைத்தான்.

வண்டி வாங்க வருவதாகச் சொன்னவர் மாலையில்தான் வருவார் என்று தெரிந்தது. அதற்குள் இந்தக் காற்று விஷயத்தை விசாரித்துவிடுவோம் என்று, சாலையோரத்தில் லாரி டயர் பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியை நிறுத்தினோம். அவர் வண்டியைச் சுற்றி வந்து, டயரின்மேல் கையை வைத்தார்.

“ஏனுங்க, சூடா இருக்குதுங்க. இப்பப் பார்த்தாக் கணக்குப் பொய் சொல்லும். ஆஞ்சநேயரைக் கும்பிட்டுட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வாங்க.”

ஓடிய டயர் சூடாகும். சூட்டில் உள்ளே காற்றின் அழுத்தம் ஏறும். அப்போது அளந்து இறக்கிவிட்டால், ஆறிய பிறகு காற்று குறைந்துபோய்விடும். எத்தனையோ படித்தவர்கள் அறியாத இந்த உண்மையைக் கேட்டுக்கொண்டு கோவிலுக்குப் போனோம்.

ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக எழும்பும் மலை, உச்சியில் கோட்டை, அடிவாரத்தில் கமலாலயக் குளம். பாறையைக் குடைந்த குகையில் நரசிம்மர் வீற்றிருக்கிறார். அவரை நோக்கிக் கைகூப்பியபடி 18 அடி உயரத்தில் ஆஞ்சநேயர் நிற்கிறார். தலைக்குமேல் கோபுரமில்லை, வானமே விதானம். வாயுவின் புத்திரர் அல்லவா! காற்றுச் சங்கடத்தோடு வந்த நண்பர் அவரிடம் சற்று அதிக நேரமே நின்றார்.

திரும்பி வந்தபோது பெரியவர் ஒரு சாக்குக்கட்டியுடன் தயாராக இருந்தார். டயரின் குறுக்கே ஓரத்திலிருந்து ஓரம் வரையில் கெட்டியாக ஒரு கோடு போட்டார். வண்டியைப் பத்துப் பதினைந்து கஜம் நேராக உருட்டச் சொன்னார். பிறகு பார்த்தால், கோட்டின் நடுப்பகுதி மட்டும் அழிந்திருந்தது. இரு ஓரங்களும் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தன.

“பாருங்க தம்பி, அகலமா ஊனட்டும்னு கார் டயர் போட்டீங்க. காத்தை ஏத்தி அதையும் உருண்டையாக்கிட்டீங்க. இப்ப நடுவுல நாலு விரல் அகலந்தானுங்க தரையில நிக்குது.”

கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கி, ஒவ்வொரு தடவையும் கோடு போட்டு உருட்டினார். 20 ‘பாயிண்டு’க்கு வந்தபோது கோடு ஓரத்திலிருந்து ஓரம் வரையில் ஒரே சீராக அழிந்தது.

அவர் கையால் செய்து காட்டியதை நாம் ஒரு காகிதத்தில் கணக்காகப் போட்டுப் பார்த்தோம். கடைக்காரர்கள் பாயிண்டு என்பது, ஒரு சதுர அங்குலத்தின்மேல் ஒரு ராத்தல் அழுத்தம். மாருதி கார் சுமார் 650 கிலோ எடை. நான்கு பேர் ஏறினால் ஒரு சக்கரத்தின் பங்கு 200 கிலோவுக்கு மேல். நண்பரின் வண்டி காலியாக இருக்கையில் பின்சக்கரம் ஒன்றுக்கு 100 கிலோதான், அதாவது 220 ராத்தல். 30 பாயிண்டு காற்று இருந்தால், 220-ஐ 30-ஆல் வகுக்க, டயர் தரையைத் தொடும் இடம் சுமார் 7 சதுர அங்குலம். முட்டையும் நாமும் ஏறிப் பாரம் இரு மடங்கானால், அதே காற்றில் தொடும் இடமும் இரு மடங்கு. ஆகையால் காற்றைத் தீர்மானிப்பது டயரின் ஜாதியன்று. அதன்மேல் ஏறும் பாரம். கார் டயருக்குக் கார்க் காற்று என்பது, அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டுவது போன்றது. டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் எண்ணும் உச்ச வரம்புதான். அவ்வளவு அடித்தே தீர வேண்டும் என்ற கட்டளையல்ல.

அப்படியானால் பாதிப் பாரத்துக்குப் பாதிக் காற்று, 15 போதுமே என்று நம் கணித சாமர்த்தியத்தைக் காட்டினோம். பெரியவர் தலையை ஆட்டினார். டயரின் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் நூலுக்கும் சொந்த விறைப்பு உண்டு. கணக்கு அதை அறியாது. மிகவும் குறைத்தால் பக்கச் சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி வெடிக்கும். திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றாலும் கழலும். காலிக்கு 20, முழுப் பாரத்துக்கு 28 என்று வைத்தார். முன்சக்கரத்தில் மோட்டார் சைக்கிள் டயரே இருப்பதால், அதற்கு மோட்டார் சைக்கிள் செய்தவர்கள் சொன்ன அளவு. பின்னால் இரண்டும் ஒரே அளவு டயராய், ஒரே தேய்மானமாய், ஒரே காற்றாய் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

“இன்னொண்ணு கேட்டுக்குங்க தம்பி. இந்த டயரு நல்லாப் புடிக்கும். மோட்டார் சைக்கிள் டயராயிருந்தா வளைவுல சறுக்கியிருக்கும். இது சறுக்காது, வண்டியைக் கவுத்துப்புடும். வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. திருப்பிக்கிட்டே பிரேக்கு மட்டும் போடாதீங்க.”

காலையில் நாம் கண்ட தரிசனத்துக்கு அர்த்தம் அப்போதுதான் விளங்கிற்று. முன்னால் ஒற்றைச் சக்கரம் உள்ள வண்டியில், திரும்பும்போது பிரேக் போட்டால் பாரமெல்லாம் முன்னும் வெளியுமாகச் சாய்கிறது. அந்தப் பக்கத்தில் தாங்குவதற்குச் சக்கரம் இல்லை. காற்றை எவ்வளவு சரியாக வைத்தாலும் இந்தக் குறை தீராது. அதை ஓட்டுகிறவருடைய நிதானம்தான் தீர்க்க வேண்டும்.

இங்கே ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. காற்றடைத்த டயருக்கு 1845-இலேயே தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் உரிமை பெற்றார். உலகம் அதை மறந்துவிட்டது. பெல்பாஸ்ட் நகரத்தில் டன்லப் என்ற மாட்டு வைத்தியர், தம் சிறு மகனின் சைக்கிள் கல்தெருவில் கடகடவென்று குலுங்குவதைப் பொறுக்காமல் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றினார். 1888-இல் உரிமை பெற்றார். அந்தக் குழந்தையின் சைக்கிளுக்கு எத்தனை சக்கரம் தெரியுமோ? மூன்று! உலகை உருட்டும் இந்தத் தொழில் ஒரு மூன்று சக்கர வண்டியில் மறுபடி பிறந்தது. நாமக்கல்லுக்கு அருகே காவேரிக் கரையில் உள்ள மோகனூரில் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்ததும் அதே 1888-தான். நம் மாகாணமும் இத்தொழிலில் பின்தங்கிவிடவில்லை. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பொம்மைப் பலூன் செய்ய ஆரம்பித்த எம்.ஆர்.எப்., 1952-இல் டயருக்குத் தோல் போர்த்தும் ரப்பரைச் செய்யத் தொடங்கிப் பிறகு டயரே செய்தது. பலூனானாலும் டயரானாலும் சூட்சுமம் ஒன்றுதான்: அடைத்த காற்று.

மாலையில் வண்டியை வாங்குகிறவர் வந்தார். நண்பர் நம்மைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். “இன்று ஒரு நடை பாரம் ஏற்றிப் பார்த்துவிட்டு, நாளைக்குச் சொல்கிறேன்” என்றார். வந்தவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விட்டார். பண்ணையில் 100 அட்டை ஏற்றினோம். டயர் ஆறியிருந்த சமயம் பார்த்துக் காற்றை 28-க்கு உயர்த்தினோம். திரும்பும் வழியில், காலையில் நம்மைக் கலங்கடித்த அதே வளைவு வந்தது. நண்பர் நூறு அடிக்கு முன்பே வேகத்தைத் தணித்து, மணப்பெண்ணை அழைத்து வருவது போல் வண்டியைத் திருப்பினார். மூன்று சக்கரமும் பூமியிலேயே இருந்தன.

சேலத்தில் அவர் வீட்டு வாசலில் இறங்கியபோது இரவு ஒன்பது மணி. அவருடைய மனைவி அரிக்கேன் போன்ற ஒரு சிறு மின்விளக்கைப் பிடித்துக்கொள்ள, அட்டை அட்டையாக இறக்கி எண்ணினார்கள். உடைந்திருந்தவை ஏழு. அம்மையார் ஒரு தடவைக்கு இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நமக்கு இலை போட்டார். உடைந்த ஏழும் பொடிமாஸாக வந்தன.

வண்டி இன்னும் நண்பரிடம்தான் இருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே வெள்ளைப் பெயிண்டில் ‘காலி 20, பாரம் 28’ என்று எழுதி வைத்திருக்கிறார். சட்டைப் பையில் ஒரு சாக்குக்கட்டியும் இருக்கிறது. நேயர்கள் வீட்டு ஸ்கூட்டருக்கும் காருக்கும் வேறு எண்கள். அவை வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு தரம் அளந்து பாருங்கள்.