எங்கே தொட்டேன்?

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பார்கள் பெரியோர். அழகுக்கு அது பொருந்தலாம், நோய்க்குப் பொருந்துமா? உடலுக்குள் புகுந்த பின் ஐந்தாண்டுகள், சில வேளை இருபது ஆண்டுகள்கூட, வெளியே தலைகாட்டாத நோய் ஒன்று உண்டு. தலைகாட்டும்போதும் வலியாகவோ காய்ச்சலாகவோ அது வருவதில்லை. தேமல் போன்ற ஒரு வெளிறிய படையாக வருகிறது. அதுதான் தொழுநோய். இந்தப் பெயரைக் கல்லூரி மலரில் எழுதலாமா என்று நானும் தயங்கினேன். அந்தத் தயக்கமே என்னை எழுதத் தூண்டியது.

பாகூரை அடுத்த ஒரு சிற்றூரில் என் அத்தை இருக்கிறார். (ஊரையும் உறவையும் அவர் விருப்பப்படி சற்றே மாற்றியிருக்கிறேன்.) பாகூர் ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். நடவு என்றால் சேற்றில் முதல் ஆளாக இறங்குவார். ஒரு பொங்கல் விடுமுறையில் அங்கே போயிருந்தேன். சோறு வடிக்கும் பானையைக் கரித்துணி இல்லாமலே அடுப்பிலிருந்து இறக்கினார்.

"அத்தை, கை சுடலையா?" என்றேன்.

"வேலை செய்யற கைக்கு என்னடி சூடு!" என்று சிரித்தார்.

மாலையில் பார்த்தால் சுண்டு விரலோரம் பெரிய கொப்புளம்! நான் காட்டும் வரை அவருக்கே அது தெரியாது. நான் விலங்கியல் மாணவி. வலி என்பது நரம்பு கொண்டுவரும் செய்தி என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள். ஆனாலும் அன்று எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, வீடு வீடாக வந்த கிராமச் செவிலியருக்குத்தான் உறைத்தது. அத்தையை உள்ளறைக்கு அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். துணைக்கு நானும் இருந்தேன். ரவிக்கைக் கைக்குள் மறைந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு வெளிறிய படை. முதுகில் இன்னும் ஐந்தாறு. நான்கு ஆண்டுகளாக இருக்கிறதாம்! குப்பைமேனியை அரைத்துப் பூசியிருக்கிறார். கடையில் களிம்பு வாங்கித் தடவியிருக்கிறார். மாமாவுக்குக்கூடத் தெரியாது.

செவிலியர் பஞ்சைத் திரி போல முறுக்கினார். "கண்ண மூடிக்குங்க அக்கா. எங்கே தொட்டேன்னு விரலால காட்டுங்க."

கழுத்தைத் தொட்டார், அத்தை சரியாகக் காட்டினார். மணிக்கட்டைத் தொட்டார், அதையும் காட்டினார். பிறகு அந்தப் படையின்மேல் மூன்று முறை தொட்டார். அத்தை கண்களை மூடியபடியே காத்திருந்தார். "ஏம்மா, இன்னும் தொடலியா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

நகரத்து மருத்துவமனையில் முழங்கை நரம்பு தடித்திருப்பதைக் கண்டு நோயை உறுதி செய்தார்கள். ஓராண்டு மாத்திரை, பணம் ஒன்றும் இல்லை. அத்தை மருத்துவரிடம் ஒன்றுதான் கேட்டார்: "சர்க்கரைக்கு ரத்தத்துல பாக்கறாங்களே டாக்டர், அந்த மாதிரி இதுக்குப் பாக்க முடியாதுங்களா? என் பொண்ணுக்கு உள்ள இருக்கா இல்லியான்னு தெரியணும்."

வில்லியனூர்ப் பக்கத்தில் அந்தப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. மருத்துவர் பெண்ணின் தோலையும் நரம்பையும் பரிசோதித்தார். குறை எதுவும் இல்லை. உடன் வாழ்வோருக்கு வருமுன் காக்கக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்தார். வங்கதேசத்தில் நடந்த ஆய்வில், முதல் இரண்டு ஆண்டுகளில் நோய் வரும் வாய்ப்பை அது பாதிக்கு மேல் குறைத்தது. "ஆனால் நீங்கள் கேட்பது போல உறுதியாகச் சொல்லும் இரத்தச் சோதனை இன்னும் வரவில்லை அம்மா" என்றார்.

ஏன் வரவில்லை? விடை தேடி நூலகத்தில் பல நாள் உட்கார்ந்தேன். 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்தக் கிருமியைக் கண்டார். நோய்க் கிருமிகளுள் மிக முன்பே கண்டறியப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் இன்றுவரை இதை ஆய்வுக்கூடக் குடுவையில் வளர்க்க முடியவில்லை. 1960இல் எலியின் பாதத்திலும், 1971இல் ஆர்மடில்லோ என்ற ஓடு போர்த்த விலங்கின் உடலிலும் வளர்த்தார்கள். ஒரு கிருமி இரண்டாவதற்கே ஏறத்தாழ இரு வாரம் ஆகிறது! 2001இல் இதன் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்து வெளியிட்டார்கள். அதற்கு எடுத்துக்கொண்ட கிருமி வகையின் பெயர் 'டி.என்.', தமிழ்நாட்டிலிருந்து போனது.

இரத்தத்தில் அடையாளம் தேடும் வேலை 1980-81இல் சூடு பிடித்தது. அமெரிக்காவின் கொலராடோவில் பிரென்னனும் அவருடன் ஆய்ந்தோரும், இந்தக் கிருமிக்கே உரிய ஒரு சர்க்கரைக் கொழுப்புப் பொருளைப் பிரித்தறிந்தார்கள். பி.ஜி.எல்-1 என்பது அதன் பெயர். அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை இரத்தத்தில் அளக்கலாம். சிக்கல் தீர்ந்ததா? இல்லை. கிருமி மிகுந்தவர்களிடம் அந்த எதிர்ப்பொருள் நிறைய இருக்கிறது. ஓரிரு படை மட்டும் உள்ளவர்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. நோய் உலவும் ஊர்களில் நலமாக இருப்போர் பலரிடமும் அது காணப்படுகிறது. காரணம், உடலின் எதிர்ப்பு இரு வகை. அணுக்கள் நேரே நின்று போரிட்டால் கிருமி குறைகிறது, எதிர்ப்பொருளும் குறைகிறது. ஆகவே ஒரே அடையாளம் போதாது. அணுக்களின் போரைக் காட்டும் ஐ.பி-10 போன்ற புரதங்களையும் சேர்த்து, விரல் நுனி இரத்தத்தில் ஒரே பட்டையில் பார்க்கும் முறைகளை நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கிச் சோதித்து வருகிறார்கள்.

பெண்களிடம் இந்தத் தேடல் மேலும் சிக்கலானது. கருவுற்ற காலத்தில் பெண்ணின் எதிர்ப்பாற்றல் இயல்பாகவே மாறுகிறது. பிள்ளை பிறந்த சில மாதங்களில் திரும்பி எழுகிறது. அப்போதுதான் பல பெண்களுக்கு நரம்பு வீங்கி, கை கால் செயலிழக்கும் ஆபத்து வருகிறது. அத்தகைய உடலை ஆண்களின் இரத்தத்தை வைத்து வகுத்த அளவுகோலால் அளக்கலாமா? பெண்ணின் இரத்தத்தைப் பேறுக்கு முன்னும் பின்னும் தனித்தனியே பார்த்துத்தானே அளவை வகுக்க வேண்டும்? உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் நோயாளிகளில் பெண்கள் ஏறத்தாழ 40 விழுக்காடு. பெண்களுக்கு நோய் குறைவா, ரவிக்கைக்குள் மறைந்திருப்பதால் கணக்குக் குறைவா? அத்தையைப் பார்த்த பிறகு எனக்கு இந்த ஐயம் தீரவில்லை.

இதற்குள் வேறொரு அச்சமும் என்னைப் பற்றிக்கொண்டது. நோயை ஐந்தாண்டு முன்பே சொல்லும் சோதனை நாளை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதை முதலில் கேட்பவர் யார்? மாப்பிள்ளை வீட்டாரல்லவா? ஜாதகத்தோடு இரத்தச் சீட்டையும் கேட்டால் பெண்ணின் கதி என்ன? தொழுநோயைக் காரணம் காட்டி மணவிலக்குக் கோரலாம் என்ற விதியை நம் நாட்டுச் சட்டங்களிலிருந்து நீக்கியதே 2019இல்தான். நன்கு குணமாகும் நோய் என்று தெரிந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு!

அத்தை ஓராண்டு மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை. குளோஃபாசிமின் மருந்தால் மேனி கறுத்தது. "ஊர்ல கேட்டா, நடவு வெயில்னு சொல்லிக்கிறேன்" என்றார். படைகள் மங்கின, நோய் நீங்கியது. சுண்டு விரலில் உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. இந்நோயில் விரல்களைக் குலைப்பது வலியற்றுப் போன கையில் அடிக்கடி படும் காயங்கள்தான் என்று வேலூரில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் எடுத்துக்காட்டினார். இப்போது அத்தை கரித்துணி இல்லாமல் பானையைத் தொடுவதில்லை.

பெண்ணின் திருமணமும் நடந்தது. சம்பந்தி வீட்டில் சொன்னோமா? இல்லை. சட்டம் மாறிவிட்டது, எங்கள் வாய்தான் திறக்கவில்லை. அந்தக் குற்ற உணர்வில் எனக்கும் பங்குண்டு.

நண்பர்களே! 2005 டிசம்பரில் நம் நாடு, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை எட்டியது. ஆனாலும் 2023இல் மட்டும் இங்கே புதிய நோயாளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல். இரத்தத்தில் அடையாளம் கிடைக்கும் நாள் வரட்டும். அது வரும்போது, அதன் விடை முதலில் அந்தப் பெண்ணின் கைக்கே போய்ச் சேரட்டும். அதுவரை நம்மிடம் ஒரு பஞ்சுத் திரி இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நெடுநாள் தேமல் என்று யாராவது மறைத்து வைத்திருந்தால், கதவைச் சாத்தி, கண்ணை மூடச் சொல்லி, மெல்லத் தொட்டுக் கேளுங்கள்: "எங்கே தொட்டேன்?" விடை வராவிட்டால் பதற வேண்டாம், மறுநாளே சுகாதார நிலையத்துக்கு உடன் செல்லுங்கள். நான் ஒரு கொப்புளத்தைப் பார்த்தும் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம்.