அண்ணாந்து பார்த்த மலை
(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாற்று மாணவன்)

ஆங்கில வகுப்பில் ஒருநாள் பேராசிரியர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை நடத்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக் குன்றுகளையும், அவற்றின்மேல் கவிஞர் காலார நடந்து திரிந்ததையும் அவர் வருணிக்க வருணிக்க, எங்கள் உள்ளமெல்லாம் கடல் கடந்து போய்விட்டது. திடீரென்று அவர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, ஜன்னலுக்கு வெளியே தெரிவது என்ன?"

"ஏலகிரி மலை சார்."

"நடந்து ஏறியிருக்கிறாயா?"

"பஸ்ஸில் ஒரு முறை போனேன் சார்."

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பாடத்தை மூடி வைத்துவிட்டு ஒரு கதை சொன்னார், கதையல்ல, வரலாறு. மான்செஸ்டர் நகரத்து ஆலைத் தொழிலாளர்களுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு. புகையிலிருந்து தப்பிக் குன்றுகளில் நடக்க விரும்பினார்கள். ஆனால் கிண்டர் ஸ்கவுட் என்னும் மேட்டு நிலம் செல்வர்கள் பறவை வேட்டையாடுவதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் சில நூறு பேர் தடையை மீறி ஏறினார்கள். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றார்கள். பின்னர் 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951இல் கிண்டர் ஸ்கவுட்டை உள்ளடக்கிய பகுதியே அந்நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று.

"நடப்பதற்கே சிறை சென்றார்கள். நமக்கு வழி திறந்து கிடக்கிறது, நாம்தான் போவதில்லை" என்று முடித்தார்.

அன்றிரவு இதை வீட்டில் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நானும் முப்பது வருசமா டூட்டிக்குப் போறப்ப அந்த மலையத்தான்டா பாத்துக்கினே போறேன். ஒரு தபாகூட மேல போனதில்ல. என்னையும் கூட்டிக்கினு போறியா?" என்றார்.

நண்பர்களே, இங்கே ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். என் அப்பா வாணியம்பாடியில் ஒரு டேனரியில் வேலை செய்கிறார். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை இழுத்துப் போடுவதும், டிரம்மில் தோலை ஏற்றி இறக்குவதும் அவர் வேலை. எத்தனை முறை குளித்தாலும் அந்த வாடை அவரை விட்டுப் போகாது. கல்லூரியில் சேர்ந்த நாளில் "உங்க அப்பா என்ன செய்கிறார்?" என்று கேட்டவர்களிடம், "கம்பெனி ஆபீஸில் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை மூன்று ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்தேன்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். பஸ் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறிற்று. அந்த வளைவுகளுக்குப் புலவர்களின் பெயரும் வள்ளல்களின் பெயரும் சூட்டப்பட்டிருக்கின்றன. பெயர்ப் பலகைகளை நான் படிக்கப் படிக்க, அப்பா குழந்தையைப்போலக் கேட்டுக்கொண்டு வந்தார். அத்தனாவூரில் இறங்கி, மங்கலம் கிராமத்துக்கு நடந்தோம்.

ஏலகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரமுள்ளது. மேலே சமவெளிபோல் பரந்து, பதினான்கு சிற்றூர்களைத் தாங்கி நிற்கிறது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். ஒரு காலத்தில் ஜமீன் குடும்பத்தின் உடைமையாக இருந்த மலை, 1950களில் அரசின் வசம் வந்தது. சாலை வருவதற்கு முன் மலை மக்கள் தம் விளைபொருள்களைத் தலைச்சுமையாகவே கீழே கொண்டுவந்தார்கள்.

மங்கலத்திலிருந்து சுவாமிமலை உச்சிக்கு ஒற்றையடிப் பாதை செல்கிறது. கல்லும் வேருமாய்க் கிடந்த அந்த ஏற்றத்தில் அப்பாவுக்கு மூச்சு வாங்கிற்று. பத்தடிக்கு ஒரு முறை நின்றார். "திரும்பிடலாமாப்பா?" என்றேன். "போடா, கீழ இத்தைவிட பாரம் இழுக்கறேன்" என்று மறுபடியும் ஏறினார்.

வழியில் ஒரு மரத்தடியில் குனிந்து எதையோ பொறுக்கினார். வரிவரியாய் மேடு பள்ளம் கொண்ட உலர்ந்த காய்.

"கடுக்காய்டா. உங்க தாத்தா காலத்துல டேனரியில குரோம் கிடையாது. ஆவாரம்பட்டையில தோலை ஊறப்போட்டு, கடைசியில கடுக்காய்த் தண்ணியில முக்குவாங்க. நெறம் வெளுத்து மெருகு ஏறும். இந்த மலையிலேர்ந்தும் ஜவ்வாது மலையிலேர்ந்தும்தான் மூட்டை மூட்டையா வரும்."

நான் வியந்து நின்றேன். தோல் தொழில் என்றால் நாற்றம் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். மலையின் காயும் காட்டின் பட்டையும் அதில் கலந்திருந்ததை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. 1970களில் அரசு பதப்படுத்தாத தோலையும் அரைப்பதத் தோலையும் ஏற்றுமதி செய்வதற்குக் கட்டுப்பாடு விதித்தது. முழுதும் முடித்த தோலுக்கும் செருப்புக்கும் ஊக்கம் தந்தது. குரோம் முறை பெருகிற்று. மலைக்கும் டேனரிக்கும் இருந்த பழைய உறவும் மெல்ல மெல்லத் தளர்ந்தது. இத்தனையும் அந்த ஒரு காயில் அடங்கியிருந்தது. அப்பா அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுமார் 4,300 அடி உயரத்தில் உச்சி! குளிர்ந்த காற்று முகத்தில் மோதிற்று. கீழே வயல்கள் பச்சைப் பாய் விரித்ததுபோல் கிடந்தன. ஒரு பக்கம் ஜோலார்பேட்டைச் சந்திப்பில் ரயில் ஒன்று மரவட்டையைப்போல ஊர்ந்தது. தொலைவில் நீல நிறத்தில் ஜவ்வாது மலைத்தொடர். அதன் மடியிலுள்ள காவலூரில்தான் 1986 முதல் வைணு பாப்பு தொலைநோக்கி விண்மீன்களை நோக்கிக்கொண்டிருக்கிறது. அப்பா கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டார். "வாடையே இல்லடா" என்றார்.

அப்போதுதான் என் வகுப்பு நண்பர்கள் இருவர் அங்கே வந்தார்கள். என் நெஞ்சு திக்கென்றது. வணக்கம் சொன்ன ஒருவன், "அங்கிள், நீங்க கம்பெனி ஆபீஸ்ல இருக்கீங்கன்னு இவன் சொல்லியிருக்கான்" என்றான்.

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு வெடிப்பு விழுந்த கைகளை மெல்ல வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு, "ஆமாம்பா, ஆபீஸ்தான்" என்றார்.

நான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

இறங்கும்போது நாங்கள் பேசவில்லை. மலைச்சாலையில் வாணியம்பாடிப் பக்கம் பார்க்கும் காட்சிமுனை வரை நடந்தே வந்தோம். பள்ளத்தாக்கு முழுதும் அங்கே விரிந்து கிடக்கிறது. தென்னந்தோப்புகள், தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வீடுகள், நடுவே வெளுத்த வேட்டியை உலர்த்தியதுபோல் பாலாறு. நந்தி மலையில் பிறந்து வரும் ஆறு, எங்கள் ஊருக்கு வரும்போது பெரும்பாலும் மணலாகவே வருகிறது.

அப்பா விரலை நீட்டினார். "அதோ அந்தக் கொட்டகைங்க பக்கத்துலதான் என் கம்பெனி. சின்ன வயசுல அந்த மணல்ல ஊத்து தோண்டி கையால மொண்டு குடிச்சோம். இன்னிக்குக் கிணத்துத் தண்ணியக்கூட வாயில வைக்க முடியல. அந்தத் தண்ணியக் கெடுத்த வேலையிலதான் உன்னப் படிக்க வச்சேன். நீ வெளிய சொல்லிக்க வெக்கப்பட்டா, அது தப்பில்லடா."

பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28இல் வழங்கிய தீர்ப்பை நான் தேர்வுக்காகப் படித்திருக்கிறேன். மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது அதன் கொள்கை. 2025 ஜனவரியிலும் அந்நீதிமன்றம் இதைப் பற்றி மீண்டும் ஆணையிட்டது. ஆனால் அந்த ஆற்றின் தண்ணீரைக் குடித்தவரும், அந்தத் தொட்டியில் நின்றவரும் ஒருவரே என்பதும், அவர் என் அப்பா என்பதும் அந்தக் காட்சிமுனையில்தான் எனக்கு உறைத்தது. மான்செஸ்டர் தொழிலாளி ஆலையை மறக்கக் குன்றேறினான். என் அப்பாவோ மலை ஏறியும் தன் ஆலையைத்தான் முதலில் தேடினார்.

"தப்புதாம்பா" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை. அவர் என் தோளில் கை வைத்தார். வெடிப்பு விழுந்த கைதான். அந்தக் கையை நான் பற்றிக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே! நம் ஊரைச் சுற்றி மலைகள் இருக்கின்றன. கையில் தண்ணீரோடும், முடிந்தால் பெற்றோரோடும் ஒரு முறை நடந்து ஏறிப் பாருங்கள். கீழே இருக்கும்போது தெரியாதவை சில, மேலே நின்றால் தெரிகின்றன.

அன்று உச்சியில் சந்தித்த நண்பர்கள் இருவரும் இந்த மலரைப் படிப்பார்கள். அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கியிருக்கிறது: என் அப்பா ஆபீஸில் இல்லை. அவர் டேனரித் தொழிலாளி. அவர் பொறுக்கிய கடுக்காய் என் மேசைமேல் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.