சீட்டு வந்தா எழுந்து நில்லு!

பிலிப்பைன்ஸ்னு சொன்னாலே நம்மூர்ல டாக்டருக்குப் படிக்கப் போறவங்கதான் ஞாபகத்துக்கு வருவாங்க. அங்கே வக்கீலுக்குப் படிக்கிறவங்க கதை இன்னும் சுவாரஸ்யம்!

ஸ்கூல் முடிச்சதும் நேரா லா காலேஜுக்குள் நுழைய முடியாது. முதல்ல ஒரு டிகிரி, அப்புறம் நாலு வருஷம் 'ஜூரிஸ் டாக்டர்'. அதனால பலருக்குப் பகலில் வேலை, சாயங்காலம் வகுப்பு. மணிலா டிராஃபிக்கில், 'ஜீப்னி'ங்கிற ஷேர் ஜீப்பில் இடிபட்டுக்கிட்டே தீர்ப்புகளைப் புரட்டணும்.

கடைசி பெஞ்ச்ல தூங்கலாம்னு நினைச்சா நடக்காது பாஸ்! பல புரொபசர்கள் கையில் ஒரு கட்டு அட்டை இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு மாணவர் பேர். கலைச்சு ஒண்ணை உருவுவாங்க. பேர் வந்தவர் எழுந்து நின்னு வழக்கு என்ன, சிக்கல் என்ன, தீர்ப்பு என்னன்னு சொல்லணும். நடுவில் குறுக்குக் கேள்விகள் வேற! இதுதான் 'ரெசிட்டேஷன்'. மார்க்கும் உண்டு. அதான், வழக்குகளைப் பங்கு போட்டுச் சுருக்கி எழுதி, நண்பர்களுக்குள் மாத்திக்கிறாங்க.

கடைசியில் பார் எக்ஸாம். நடத்துறது சுப்ரீம் கோர்ட். விதிப்படி சராசரி 75 சதவிகிதம் எடுக்கணும். முன்னெல்லாம் தெற்கே மின்டனாவ் தீவு மாணவர்களும் கடல் தாண்டி மணிலாவுக்கு வந்துதான் எழுதணும். 2022-ல்தான் தேர்வு லேப்டாப்புக்கு மாறி, பல ஊர்களுக்கும் போச்சு.

கடைசி நாள் எழுதி முடிச்சு வெளியே வந்தா, வாசலில் பேனரும் மேளமுமா ஜூனியர்கள் நிப்பாங்க. பாஸாகி உறுதிமொழி எடுத்து, வக்கீல்கள் பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் பேருக்கு முன்னால் 'அட்டர்னி'!