அந்த அண்ணனும் நானும்

2010 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. கடைக்கு விடுமுறை. ஆரியசாலை வீட்டில் உட்கார்ந்து டி.வி.யில் குவாங்சூ ஆசிய விளையாட்டுப் போட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் 10,000 மீட்டர், மொத்தம் 25 சுற்று. "இதை யாருப்பா பார்ப்பா?" என்று மகன் சேனலை மாற்றப் போனான். ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டேன்.

இடுக்கி மாவட்டம் மூலமட்டத்துப் பெண் பிரீஜா ஸ்ரீதரன் முதலில் வந்தார். 31 நிமிடம் 50.47 வினாடி, தேசிய சாதனை. ஒரு வினாடிகூட முழுதாக ஆகவில்லை, நாசிக்கின் கவிதா ராவத் பின்னாலேயே வந்து வெள்ளியைப் பிடித்தார். வீடே கைதட்டியது.

மறுநாள் பத்திரிகையில் படித்த ஒரு வரிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. அப்பா இல்லாத குடும்பமாம். அண்ணன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனாராம்.

நானும் ஓர் அண்ணன்தான்.

என் தங்கை கல்லூரியில் சேர்ந்தது 1985-ல். லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்ததற்கு மறு வருஷம். கேரளத்தில் பள்ளிக்கூடத்துப் பெண்களெல்லாம் ஓடத் தொடங்கிய நேரம். விடியுமுன், சாலைக் கடைத்தெருவில் தமிழ்நாட்டு லாரிகள் மூட்டை இறக்கும்போதே அவள் கிளம்பிவிடுவாள். கிழக்கேகோட்டை, தம்பானூர் தாண்டி பாளையம் வரை ஓட்டம். "வழி மாறுங்கடே, உஷா வருது!" என்று சுமை தூக்குகிறவர்கள் குரல் கொடுப்பார்கள்.

ஆனால் அவள் உஷா இல்லை. வேகம் போதாது. ஓட ஆரம்பித்தால் நிற்கத் தெரியாது, அவ்வளவுதான். அந்தக் குணத்துக்கு அப்போது மவுசும் இல்லை. ஒலிம்பிக்கில் 1,500 மீட்டருக்கு மேல் பெண்களை ஓடவிட்டதே 1984-ல்தான். 10,000 மீட்டர் 1988-ல் வந்தது. 5,000 மீட்டருக்கு 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண் உடம்பு தாங்காது என்று பெரிய மனிதர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் வருஷம், வெளியூர்ப் போட்டி ஒன்றுக்குக் கல்லூரியிலிருந்து அவளை அழைத்தார்கள். அப்பா என் முகத்தைப் பார்த்தார். வேண்டாம் என்றது நான்தான். அரை டிரவுசரோடு ஓடுகிறவளை யார் கட்டுவார்கள் என்று நாகர்கோவில் சொந்தக்காரர்கள் கேட்பதாகக் காரணம் சொன்னேன். உண்மையில், கடைக் கணக்கு எழுத ஆள் வேண்டியிருந்தது.

பிரீஜா 2006-ல் தோஹாவிலிருந்து பதக்கம் இல்லாமல் திரும்பியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 25-வது இடம். தங்கம் வாங்கும்போது வயது 28. நெடுந்தூர ஓட்டம் அப்படித்தான், ஊறுகாய் மாதிரி ஊற வேண்டிய சமாசாரம். அதுவரை வீட்டில் யாராவது அரிசி வாங்கிப் போட வேண்டும். எங்கள் வீட்டில் அரிசிக்கு என்ன பஞ்சம்? மூட்டை மூட்டையாகக் கடையிலேயே கிடந்தது.

அன்று இரவு தங்கைக்குப் போன் போட்டேன்.

"ஓட்டம் பார்த்தியா?"

"25 சுற்றும் எண்ணிக்கிட்டே பார்த்தேன், அண்ணே."

அதற்கு மேல் எனக்குச் சொல்ல வரவில்லை. அவளே துவரம்பருப்பு விலை கேட்டாள், சொன்னேன்.

ஐந்து நாள் கழித்து பிரீஜா 5,000 மீட்டரில் வெள்ளி வாங்கினார். அதுவும் தேசிய சாதனைதான். 2023 மே மாதம் பாருல் சௌத்ரி அதை முறியடித்த செய்தியை எனக்கு முதலில் சொன்னவள் தங்கைதான். "15 நிமிஷம் 10.35" என்று, எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி சொன்னாள்.