கையும் காப்புறுதியும்

எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர் ஐக்கிய அமெரிக்காவிலே ஒஸ்ரியோபதி வைத்தியராக விளங்குகின்றார். சென்ற விடுமுறையில் ஊர் வந்தவர், தம் கைகளுக்கு வேலை குறைந்து வருகின்றதெனக் கூறி வருந்தினார். அக்கூற்று என்னைச் சிந்திக்க வைத்தது.

அன்றூ ரெயிலர் ஸ்ரில் என்னும் வைத்தியர் 1874ஆம் ஆண்டில் இம்முறையை அறிவித்து, 1892இல் மிசூரி மாநிலத்துக் கேர்க்ஸ்வில் நகரிலே ஒரு கல்லூரி நிறுவினார். தசையையும் மூட்டையும் கையாலே தொட்டறிந்து, அழுத்தியும் நீட்டியும் சீர்செய்தல் அதன் சிறப்பு. இன்று அந்நாட்டில் இவ்வைத்தியர், ஏனையோரைப் போல மருந்தெழுதவும் சத்திரசிகிச்சை செய்யவும் முழு உரிமை உடையர்.

இக்கைச்சிகிச்சைக்குக் காப்புறுதிப் பணம் கணிக்கும் முறையோ விசித்திரமானது. உடலைப் பத்துப் பகுதிகளாக வகுத்துளர். ஒன்றிரண்டு பகுதிகளுக்கு ஒரு கட்டண எண். மூன்று நான்கிற்கு மற்றோர் எண். இவ்வாறு ஐந்து எண்கள். செலவிட்ட நேரம் அக்கணக்கில் இல்லை. அன்றே நோயாளியைச் சோதித்தமைக்கும் பணம் கேட்பின், அது வேறான வேலையென எழுத்தில் நிறுவுதல் வேண்டும். இத்தொல்லையினும் மருந்துச்சீட்டு எளிதன்றோ?

பணம் கொடுப்போர் பயனுக்குச் சான்று கேட்பது நியாயமே. ஆயினும், பழகாத கை திறன் இழக்கும். ஆசான் கை தளரின் மாணாக்கன் யாரிடம் கற்பான்? ஊதியமின்மையால் அருகிய கலையைப் பயனின்மையால் அருகியதென எண்ணுதல் அறிவுடைமை ஆகாது. இது வைத்தியத்துக்கு மட்டுமோ? இளைஞர் சிந்திப்பாராக.