மரத்தூளும் மானமும்

போன கோடையில மானம் போயிருக்கும் மக்களே. டெக்சாஸ்ல நம்ம வீட்டுக்கு பத்து பேர் விருந்து. ராத்திரி பெல்லட் கிரில்ல பிரிஸ்கெட் ஏத்திட்டுப் படுத்தேன். மூணு மணிக்கு எந்திரிச்சா அடுப்பு அணைஞ்சு கிடக்கு! பெல்லட் ஈரத்துல ஊதி, மறுபடி மரத்தூளாகி, உள்ள தள்ளுற திருகுத்தண்டையே அடைச்சிருச்சு. தங்கமணி சொல்லியும் மூட்டையைத் திறந்தபடி கராஜ்ல போட்டது நான்தான்.

இப்பல்லாம் கடையிலேயே மூட்டை அடியைத் தடவிப் பார்த்துடறேன். தூள் நிறைய இருந்தா வேணாம். ஒடிச்சா 'டக்'னு முறியணும், பொலபொலன்னு உதிரக்கூடாது. முன்னாடி 'ஹிக்கரி'ன்னு கொட்டை எழுத்துல இருந்தாலும் பின்பக்கம் படிங்க, பாதிக்கு மேல ஓக்கா இருக்கலாம். ஓக் மோசமில்ல, ஹிக்கரி விலை குடுக்கிறதுதான் வயித்தெரிச்சல். வீடு சூடாக்குற மலிவு பெல்லட் பக்கமே போகாதீங்க, பைன் கலந்திருக்கலாம்.

அன்னிக்கு கறி சூடு ஆறல. மிச்சம் ஓவன்லதான் வெந்துச்சு. வந்தவங்க யாருக்கும் சொல்லல, இதைப் படிச்சாத்தான் உண்டு :-)